சத்தம் வருது, தண்ணி வரல

அம்பத்தூர் எஸ்டேட், இரண்டாவது மெயின் ரோடு.
மோட்டார் செய்கிற கம்பெனி;
நாங்கள் குடிப்பது கேன் தண்ணீர்.
இதை ஒரு ஜோக்காகப்
பத்தொன்பது வருஷத்தில் யாரும் சொன்னதில்லை.

நான் புகார்ப் பிரிவு.
கொளத்தூர், மடிப்பாக்கம், பழைய வண்ணாரப்பேட்டை,
எங்கிருந்து கூப்பிட்டாலும் வாக்கியம் ஒன்றுதான்:
"சார், சத்தம் வருது. தண்ணி வரல."
ரெஜிஸ்டரில் அதை ச.வ.த.வ. என்று
சுருக்கி எழுதுவது என் கண்டுபிடிப்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை
கேனுக்கு மேலே, செலோடேப்பில்,
பழைய வவுச்சரின் முதுகில் ஒரு படம்.
அரை ஹெச்.பி. மோட்டார்.
அதற்கு என் மூக்கு, என் கண்ணாடி,
கண்ணாடியின் உடைந்த காதில்
நான் சுற்றி வைத்திருக்கும் பச்சை ஒயர் உட்பட.
வாய் முகத்தை மீறித் திறந்திருக்க
கீழே காலிக் குடம்,
அதன் கழுத்தில்: ச.வ.த.வ.

முதலில் முகம் சுட்டது.
அப்புறம் பச்சை ஒயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
இவ்வளவு உற்றுப் பார்த்து
கல்யாண போட்டோகிராபர்கூட என்னை எடுத்ததில்லை.

கோடு யாருடையது என்று தெரியும்.
பில்லிங்கில் ஃபிலோமினா, ராயபுரம்,
ஏழு என்கிற எண்ணுக்கும் இடுப்பு வைத்து எழுதுகிறவள்.
நான் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை.
கிழியாமல் உரித்து
ரயில் சீசன் டிக்கெட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டேன்.

புது விளம்பரத்துக்கு
நுங்கம்பாக்கத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள்.
திரையில் ஒரு பட்டுப்புடவை
மோட்டாரைத் தொட்டில் குழந்தை போலப் பார்த்துச் சிரித்தது.
எம்.டி. கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் மடித்தார்.
எனக்கு என்ன கிறுக்கோ,
படத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன்.

எம்.டி. சிரித்த சிரிப்பில்
ஏ.சி. ரிமோட் கீழே விழுந்து பேட்டரி தெறித்தது.

அதோடு முடிந்தது சிரிப்பு.

வாய் பெரிது, டீலர்கள் தப்பாக நினைப்பார்கள்: குறைத்தார்கள்.
மூக்கு யாரையோ குறிக்கிறது என்று
சட்டப் பிரிவு அதை வழித்தெடுத்தது.
மதுரை மீசை கேட்டது, நாகர்கோவில் வேண்டாமென்றது,
அரை மீசையில் சமாதானம்.
காலிக் குடம் அபசகுனம்; நிரப்பினார்கள்.
தண்ணி வரல என்பதை
'தண்ணீர் வரும்' என்று திருத்தி
ஆச்சரியக்குறி மூன்று போட்டார்கள்.

இப்போது பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில்
முப்பது அடி உயரத்தில் நிற்கிறேன், நானல்லாத நான்.
சிக்னலில் ஸ்கூட்டரின் முன்னால் நின்ற பையன்
அண்ணாந்து நன்றாகப் பார்த்தான்.
அம்மாவிடம் பசிக்கிறது என்றான்.

ஃபிலோமினாவுக்கு ஐந்நூறு ரூபாய் கூப்பன்,
கூடவே ஒரு மெமோ:
வாரம் ஒரு நகைச்சுவை, வெள்ளி நான்கு மணிக்குள்,
மூன்று பிரதிகள், பிரிவுத் தலைவர் கையெழுத்துடன்.
அவளுடைய ஏழுகளுக்கு இடுப்பு போய்விட்டது.

ஆவணி முழுக்கக் கேனுக்கு மேலே
டேப்பின் பழைய பசை மட்டும்.
தண்ணீர் பிடிக்கிற சாக்கில் பார்த்துவிட்டு வருவேன்.
தாகமே இல்லாமல் நாளைக்கு ஒன்பது டம்ளர்.

நேற்று பொறுக்கவில்லை.
பத்தே முக்காலுக்கு எழுந்து நின்று,
எதிர்முனையில் யாருமில்லாத போனில் கத்தினேன்:
"இன்னிக்கு ஆள் வரலன்னா என் பேரை மாத்திக்கிறேன் சார்!"
டெஸ்பாட்சில் தலைகள் திரும்பின.
பில்லிங்கில் ஒரு பேனா நின்றது.
மூக்கு நன்றாகத் தெரிகிற கோணத்தில்
இன்னும் ஐந்து நிமிஷம் கத்தினேன்.

பதினொன்றரைக்கு
செலோடேப் இழுபடும் சின்னக் கீச்சு.

அதே மோட்டார். அதே பச்சை ஒயர்.
கையில் போன்; போனின் ஒயரோ
சுவரை எட்டாமல் அந்தரத்தில் தொங்குகிறது.
குடத்துக்கு மேலே, வாயிலிருந்து,
ஒரே ஒரு சொட்டு.

தண்ணீரா எச்சிலா என்று கேட்கவில்லை.
மாடிப்படியில் எம்.டி.யின் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது.
நான் போய்ப்
படத்தை மறைத்து நின்றுகொண்டேன்,
டம்ளரோடு,
அன்றைக்குப் பத்தாவது தடவையாக.